இல்லாத அட்டைகள்

மேல்மாடியில் அறுபத்து மூன்று சர்வர்கள்.
எல்லாவற்றுக்கும் மீன் பெயர் வைத்திருந்தேன்:
ஹெரிங், விலாங்கு, சால்மன், கானாங்கெளுத்தி.
அவற்றின் விசிறிகள் ஒன்றுசேர்ந்து போட்ட இரைச்சலில்
பத்து வருஷம் உட்கார்ந்து
வீட்டிலும் கத்திப் பேசுகிறவன் ஆகிவிட்டேன்.

அடித்தளத்தில் ஒரே ஒரு பெட்டி.
கறுப்பு. ஃபிரிட்ஜைவிடக் கொஞ்சம் உயரம்.
ஓல்டன்பர்க் வட்டாரத்தின் கூரைகள், பசுக்கள், மரணங்கள்
எல்லாம் அதற்குள்தான் காப்பீட்டுக் கணக்காகும்.
கேன்டீனில் மெயின்ஃபிரேம்காரர்களுக்கு ஜன்னலோர மேசை,
எங்களுக்குத் தட்டுக் கழுவும் பக்கம்.
நாங்கள் அவர்களை டைனோசர் என்போம்.
அவர்கள் எங்களை எதுவும் சொன்னதில்லை.
அதுதான் எரிச்சல்.

இரண்டாயிரத்து ஒன்று, பிப்ரவரி.
கையில் மின்கட்டண ரசீதோடு வந்த இயக்குநர்
மீன்களையெல்லாம் கீழே கொண்டுபோய்
அந்தப் பெட்டிக்குள் விடச் சொன்னார்.

வீப்கெ ஹார்ம்ஸன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
லினக்ஸை அட்டையில் துளையிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்றாள்.
அட்டை எங்கே?
இல்லை.
அட்டை படிக்கிற கருவி?
எண்பத்து நாலிலேயே பழைய இரும்புக்குப் போய்விட்டது.
ஆனால் இருப்பதாக இது நம்புகிறது,
அது போதும்.

எண்பது எண்பது எழுத்தாக
இல்லாத அட்டைகள் இல்லாத தட்டில் அடுக்கப்பட்டன.
இல்லாத கருவி அவற்றை விழுங்கிற்று.
பச்சைத் திரையில்
என் லினக்ஸ் எழுந்து உட்கார்ந்து
வரிவரியாகத் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது.

ஒரே குறை.
சதுர அடைப்புக்குறி வரவேண்டிய இடமெல்லாம்
தலையில் இரட்டைப் புள்ளி வைத்த எங்கள் ஜெர்மன் எழுத்துகள்.
அகரவரிசையின் முதல் பெரிய எழுத்து
என் கணக்கில் அறுபத்தைந்து,
அவள் கணக்கில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
ஒரே கூரையின் கீழ் இத்தனை நாளும்
இரண்டு அரிச்சுவடி.

கோடைக்குள் அறுபத்து மூன்றும் இறங்கிவிட்டன.
சால்மனிடம் கேட்டேன், உள்ளே எத்தனை பேர்?
நான் மட்டும்தான் என்றது.
விலாங்கும் அதையே சொன்னது.
முழுக் கடலும் தனக்கென்று
ஒவ்வொன்றும் நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்தது.

அக்டோபர் கடைசியில் புயல்.
கடலோரத்திலிருந்து இங்குவரை ஓடுகள் பறந்தன.
இரவு ஷிப்டில் நான்கு பெண்கள் தொலைபேசியை எடுத்து
ஒவ்வொரு கூரையாக ஹெரிங்கில் பதிந்துகொண்டிருந்தார்கள்.
இரண்டு மணிக்கு அதன் திரைக்குப் போய்ப் பார்த்தேன்.
நலமாக இருந்தது.
மேல்மாடியில் பத்து வருஷமாகச் செய்கிற பழக்கத்தில்,
கொட்டாவி விட்டபடி,
‘வெளியேறு’ என்று தட்டினேன்.

திரை துடைத்துவிட்டாற்போல் ஆனது.
மேலே நான்கு பெண்களும் ஒரே நேரத்தில்
பேச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது.
கேட்டிருக்க முடியாது, நடுவில் மூன்று மாடி.
கேட்டது.

வீப்கெ அந்தக் காற்றில் சைக்கிளில் வந்தாள்.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை, உட்காரவுமில்லை,
விசைப்பலகையில் சொட்டாமல் கையை மட்டும் துடைத்துக்கொண்டு
ஹெரிங்கை மறுபடி எழுப்பினாள்.
நாற்பது நிமிஷம் போயிருந்தது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
“உங்கள் மாடியில் ‘போகிறேன்’ என்றால் நீ மட்டும் போவாய்.
இங்கே நீ யாராக உட்கார்ந்திருக்கிறாயோ
அவரும் உன்னோடு போய்விடுவார்.
‘துண்டி’ என்று தட்டு.
போய்வருகிறேன் என்று அர்த்தம்.”

துண்டிப்பதற்கா அந்த அர்த்தம் என்று கேட்க நினைத்தேன்.
தொலைபேசிகள் மறுபடி அடிக்க ஆரம்பித்திருந்தன.

காலை ஆறரை. காற்று அடங்கவில்லை.
எதுவும் சொல்லாமல் கிளம்புகிறவன் நான்,
விவாகரத்துத் தாளிலும் அப்படித்தான் கையெழுத்திட்டேன்.
கதவருகே நின்று, கத்தாமல்,
போய்வருகிறேன் என்றேன்.
அவளிடமா பெட்டியிடமா, தெரியாது.
அவள் திரும்பாமல் ஈரக் கையை அசைத்தாள்.
திரையில் ஓடுகள்
இன்னும் வந்து விழுந்துகொண்டிருந்தன.