வீட்டுக்குத் தூரம்

டார்ட்டூவில் பிப்ரவரி. ஆறு உறைந்து
அதன்மேல் யாரோ நாயோடு நடந்து போகிறார்.
மூன்றாம் மாடி ஆய்வகத்தில் ஹெல்யு
நாற்பத்தேழாம் எண்ணைக் கழுவுகிறாள்.

எண் மட்டும்தான். பெயர் கேட்கக் கூடாது.

தட்டின் அடியில் வயிற்றறைச் சவ்வின் செல்கள்
ஓடு பாவியதுபோல் நெருங்கிக் கிடக்க,
கருப்பையின் உட்சுவர் உதிர்த்தவற்றை
அவற்றின்மேல் தூவி
ஒரு மணி நேரம் காத்திருந்தாள்.
இனி உப்புநீர். மெதுவாக. ஒருமுறை,
மறுமுறை,
இன்னொரு முறை.
போகிறவை போகட்டும்.
போகாதவற்றை எண்ணுவதுதான் வேலை.

மாதாமாதம் பின்னோக்கிக் கசியும் சில துளிகள்
அநேகமாக எல்லாப் பெண்களுக்கும் உண்டு.
பெரும்பாலோர் வயிற்றில் தடமில்லாமல் துடைபடும்.
சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. ஏன்?
இன்டெக்ரின் நீட்டும் கொக்கியாலா?
பக்கத்துச் செல்லோடு கைகோத்து நிற்கவைக்கும் கேடரின்
பிடியைத் தளர்த்திவிட்டதாலா?
காவல் செல் வந்து தொடுமுன்
தொடுபிடியையே கழற்றி எறியும் தந்திரத்தாலா?
கட்டுரைகள் ‘இருக்கலாம்’ என்று முடிகின்றன.
ஹெல்யுவுக்கு அந்தச் சொல்மேல் கோபமில்லை.
பதினோரு வருடமாக அதற்குத்தான் சம்பளம்.

தமிழில் அந்த நாட்களுக்கு
வீட்டுக்குத் தூரம் என்று பெயர்.
அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்
நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே சிரித்திருப்பாள்:
தூரம் போனவை இவைதாம்.
போன இடத்தில் அடுப்பு மூட்டி,
ரத்தக் குழாய் இழுத்து,
பழைய வீட்டு நாள்காட்டியையே மாட்டிவைத்து
தேதி தவறாமல் உதிரம் சிந்துகின்றன
வாசலில்லாத அறைக்குள்.

நூற்றுப் பதின்மூன்று ஒட்டியிருந்தன.
நோயில்லாதவரின் தட்டில் முப்பத்தொன்று.
எழுதி, கையெழுத்திட்டு, விளக்கை அணைத்தாள்.

மாலை ஆறு இருபது பேருந்து.
ஓட்டுநர் ஒரு பெண்; சட்டையில் ‘மாரெட்’.
மடியில் வெந்நீர்ப் பை, கம்பளி உறை போட்டது.
சிவப்பு விளக்கில் ஸ்டியரிங்மேல் நெற்றியைச் சாய்த்தாள்,
பச்சைக்கு நிமிர்ந்தாள். அதற்குள்
பின்னாலிருந்து ஒருவர் ‘உச்’ கொட்டினார்.

நாற்பத்தேழா?
கேட்கக் கூடாது.
கேட்டாலும், அந்த எண் அவளுக்கே தெரியாது.

ஹெல்யு இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது, போனது.
அதற்கடுத்ததும்.
பூட்ஸ் அடியில் இருந்த பனி உருகி
இருக்கைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தது.

“இதுதான் கடைசி” என்றாள் மாரெட், கண்ணாடியில் பார்த்து.

தெரியும் என்று தலையசைத்தாள்.
கம்பியிலிருந்து கையை எடுக்கத்தான்
கொஞ்ச நேரமாயிற்று.