வெங்காயக் களை

விடிய மூன்றரைக்குக் கோப்டனில் தொடங்குவேன்.
பால் பவுசர், இருபத்தாறு சில்லு.
பெண்பிள்ளை ஓட்டுகிறாளாம் என்று
முதல் வருஷம் எட்டிப் பார்த்தவர்கள்
இப்போது கையை மட்டும் உயர்த்துகிறார்கள்.

ஒவ்வொரு பண்ணையிலும் ஒரே வேலை.
தொட்டியின் மூடியைத் திறப்பது,
குனிந்து மூச்சை உள்ளே இழுப்பது.
சூட்டுக்கு மானி உண்டு,
கொழுப்புக்கு ஆய்வுகூடம் உண்டு,
மணத்துக்கு இன்னும் மூக்குத்தான்.
கம்பனி இதற்கும் சேர்த்தே சம்பளம் தருகிறது.

செப்டெம்பர் மழை விட்ட ஒரு காலை
மேர்வ் டன்கனின் தொட்டியில்
வெள்ளை வெளேரென்று நாலாயிரம் லீற்றர்.
பார்வைக்கு ஒரு குற்றமுமில்லை.
மூடியைத் தூக்கினேன்.
வெங்காயம்.
வதக்கியதல்ல, பச்சைத் தாளை நசுக்கின மணம்.

"ஆற்றோரம் மேயவிட்டீர்களா?"
"விட்டேன்."
அங்கே வெங்காயக் களை முழங்கால் மட்டும்.
மாடு தின்றது வாயால்,
வந்தது மடியால்.
இடையில் நாலு வயிறு, இரத்தம், ஓர் இரவு,
ஒன்றும் அதை வடிகட்டவில்லை.

மேர்வ் குனிந்து மணந்தார். இன்னொருமுறை மணந்தார்.
"எனக்கொன்றும் தெரியவில்லையே."
பொய்யில்லை.
ஒரு கிழமையாய் அதற்குள்ளேயே நின்ற மூக்கு.

குழாயைச் சுருட்டும்போது என் கை நின்றது.

முந்தின இரவு சாப்பாட்டு மேசையில்
பக்கத்து வீட்டுக்குப் புதிதாய் வந்த குடும்பத்தைப் பற்றி
ஒன்று சொன்னேன்.
என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன்.
மகள் கவினிலா கரண்டியை வைத்தாள்.
"அம்மா, அது உங்கட கதை இல்லை,
அந்த ஆளின்ர கதை."

அந்த ஆள்
இரண்டு வருஷமாய் என் காதுக்குள் இருக்கிறார்.
எம்மை யார் யார் ஏமாற்றினார்கள் என்று
மணித்தியாலத்துக்கு ஒரு பட்டியல்.
நித்திரை தூங்காமல் இருக்கத்தான் கேட்கத் தொடங்கினேன்.
பிறகு அவர் கோபப்படாத நாளில்
எனக்கு நித்திரை வந்தது.
மகளிடம் சொன்னேன்:
போடி, எனக்கொன்றும் தெரியவில்லையே.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.
சமைக்கிறவளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.
சட்டிக்குள் போட்டது யார் என்று
பழமொழி கேட்பதில்லை,
அவ்வளவுதான்.

"வேறு வயலுக்கு மாற்றுங்கள்" என்றேன்.
"எத்தனை நாள் பிடிக்கும்?"
"இரண்டு கறவை. மிஞ்சினால் மூன்று."
மனுசருக்கு எத்தனை கறவை என்று
ஒரு கணக்கு ஓடியது, விடை வரவில்லை.

நாலாயிரமும் வடிகாலுக்குப் போனது.
பவுசர் அரைவாசி.
நிறைந்த பவுசர் கனக்கும், ஆனால் சொல் கேட்கும்.
வெறும் பவுசர் துள்ளும், போகட்டும்.
அரைவாசிக்குத்தான் பயப்படவேண்டும்:
வளைவில் நாங்கள் திரும்பிய பிறகும்
பால் நேரே போகும்.

போனை நிறுத்தினேன்.
அமைதி காதை அடைத்தது.
டீசல் பற்றுச்சீட்டுகளுக்குக் கீழே
விபூதி டப்பா.
திறந்து இரண்டு வருஷமிருக்கும்.
உள்ளே கட்டிபட்டிருக்கும்.
திறக்கவில்லை.

சிம்ப்சன் தாண்டி அந்த வளைவு.
குறுக்கே ஒரு கங்காரு.
பிரேக்.
பின்னால் பன்னிரண்டாயிரம் லீற்றர் எழுந்து
முதுகைத் தள்ளியது.
வாய் தானாகத் திறந்தது.
கங்காருவுக்கல்ல, வளைவுக்கல்ல,
எந்தச் சொல் வரப்போகிறதோ என்றுதான்
எனக்குப் பயம்.

"முருகா."

அடியில் கிடந்திருக்கிறது.
லேசாய் வெங்காயம் மணத்தபடி.

கங்காரு என்னைப் பார்த்துவிட்டு வேலிக்கு மேலால் போனது.
பால் முன்னும் பின்னுமாய்க் கொஞ்சநேரம்
அலைந்து அடங்கியது.

ஒரு சொல்தான்.
பண்ணை இன்னும் மூன்று கிடக்கிறது,
மூடி மூடியாய்த் திறக்கவேண்டும், குனியவேண்டும்.
கண்ணாடியை இறக்கி
முதலில்
மூக்கைச் சிந்தினேன்.