புள்ளி புள்ளி கம்பெனி

லண்டனில் ஒரு காலத்தில்
தூக்குமரத்தடியிலேயே விற்பார்களாம்.
ஒற்றைத் தாள், ஒரு பென்னி.
கயிறு இறுகும் முன்பே
கடைசி வாக்குமூலம் அச்சாகி மை காய்ந்திருக்குமாம்.
போன வருஷம் கப்பல்தலைவனுக்கு வெட்டிய மரக்கட்டைப் படத்தையே
இந்த வருஷக் கொலைகாரனுக்கும் குத்துவார்களாம்.
ஒப்பந்தம் டைப் அடிக்க வந்த வெள்ளைக்கார சர்வேயர் சொன்னார்,
என் மேசையில் கிடந்த தாளைப் பார்த்துவிட்டு.
எனக்கு வெட்கமாக இருந்தது.
கொஞ்சம் பெருமையாகவும்.

ஷார்ஜா, ரோலா. தொண்ணூற்றாறு.
பகலில் விசா படிவம், ராத்திரியில் சிந்து.
குஞ்ஞுமொய்து முதலாளி ஷட்டரை இறக்கிப் போனபின்
ஜெராக்ஸ் மிஷின் சூடு ஆறுவதற்குள் அறுபது பிரதி.
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு
சிக்கந்தர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மைதானத்துப் புல்லில் நின்று இழுத்துப் படிப்பான்.
படித்தால் கூட்டம். தாளை நீட்டினால் பாதிக் கூட்டம்.
சீட்டுப் பணத்தோடு பறந்தவன் சிந்து,
அஜ்மான் குடோன் தீச் சிந்து,
லாட்டரி விழுந்தும் வாய் திறக்காமல்
மூன்று மாசம் சாம்பார் வைத்த சமையல்காரன் சிந்து.
எல்லாவற்றுக்கும் ஒரே படம்: ஒரு கிரேன்.

ராக்கப்பன் விழுந்தது ஒரு வியாழன் மத்தியானம்.
ராத்திரி எட்டுக்குள் எழுதிவிட்டேன்.

*ஏழாம் மாடி ஏறிநின்றான் – ராக்கப்பன்
எட்டிக் கயிறு பிடிக்கையிலே
பாழும் பலகை பிசகியதே – அந்தப்
பாவி உயிர்தான் பறந்ததுவே*

*…… கம்பெனியார் – இடுப்புப்
பெல்ட்டுக் கேட்டும் தரவில்லையே*

பேரைப் போட்டால் என் விசா போகும்.
சிக்கந்தர் அதை அப்படியே படித்தான்,
"புள்ளி புள்ளி கம்பெனியார்" என்று, ராகத்தோடு.
கூட்டம் சிரித்தது. பிறகு சிரிக்கவில்லை.
கடைசியில் ஒரு கடிதம் வைத்திருந்தேன்,
அவன் மனைவிக்கு எழுதியதாக.
*கட்டாத சுவருக்குக் கலங்காதே பொன்னாத்தா.*
அங்கேதான் தாள் விற்றது.
மறுபடி ஜெராக்ஸ் போட்டோம், இரண்டு தடவை.

மூன்று வாரம் கழித்து
டைப்பிங் சென்டர் கண்ணாடிக் கதவை
ஒரு ஊன்றுகோல் தள்ளியது.
"ராக்கப்பன் சிந்து இருக்கா?"
"இருக்கு. ஒரு திர்ஹம்."
"நான்தான் ராக்கப்பன்."

காசு வாங்கலாமா கூடாதா என்று
கை பாதியில் நின்றது.
அவன் மேசைமேல் வைத்துவிட்டு
நாற்காலியில் வலியோடு சரிந்து
விரல் வைத்து, உதடு அசைய, படித்தான்.
ஏசி தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாலாவது மாடி."
"சரிங்க."
"பொண்டாட்டி பேரு சிவனாயி."
"மாத்திடறேன்."
செத்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
கடிதத்துக்கு வந்தபோது
முகத்தைத் தாளால் மறைத்துக்கொண்டான்.
"இது நல்லா இருக்கு. எனக்கு இப்படி வராது.
விழுந்ததை இன்னும் ஊருக்குச் சொல்லலை.
சாவை எடுத்துட்டு இதை மட்டும் நான் எழுதி அனுப்பிக்கவா?"
எழுதியவனிடம் அனுமதி கேட்டான்,
எழுதப்பட்டவன்.

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான்.
"இங்க ஏன் புள்ளி?"
நான் ஸ்டேப்ளரைத் திறந்து மூடினேன்.
அவன் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டம்.
"மிச்சம் எத்தனை இருக்கு?"
"ஒன்பது."
"கொடு. பேனாவும் கொடு."

ஒன்பதிலும் எழுதினான்.
புள்ளிகளின் மேல், அழுத்தி,
கம்பெனியின் முழுப்பெயரை
தபால்பெட்டி எண் உட்பட.
கையெழுத்து கோணல்தான்.
எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.