வயிற்றில் அடித்தல்

வெட்டு விழுந்தது தொடையில்.
"அப்புறம் ஏன் டாக்டர் வயிறு வீங்குது?"
ரைலி கேட்டபோது பிற்பகல் நான்கு மணி.
டிசம்பர் மாத ஔலுவில் அது நல்ல இருட்டு.

துவோமோ ஹியெதாலா, ஐம்பத்திரண்டு வயது.
காற்றில் சாய்ந்த பிர்ச் மரத்தைக் கழிக்கப் போனான்,
ரம்பம் துள்ளித் திரும்பியது.
இடுப்பு வாரைத் தொடையில் இறுக்கிக்கொண்டு
நாற்பது நிமிடம் பனியில் கிடந்தான்.
ஹெலிகாப்டரில் கூட வந்த பெண்
எவ்வளவு ரத்தம் என்று சொல்லவில்லை.
பனியை முழங்கைவரை தோண்டியும்
வெள்ளை வரவில்லை என்றாள்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்.
பழமொழி உடம்புக்கும் தெரியும்.
ரத்தம் குறைந்ததும் கணக்கு நோட்டைப் பிரிக்கிறது:
மூளைக்கு இவ்வளவு,
இதயத்துக்கு இவ்வளவு.
தோலுக்கு இல்லை, மெழுகாய் வெளுக்கட்டும்.
குடலுக்கு இல்லை.
குடல் ஏனென்று கேட்பதும் இல்லை.

அடுத்தவன் வயிற்றில் அடிப்பது பாவம்.
உடம்போ
பிழைப்பதற்காகத்
தன் வயிற்றிலேயே அடிக்கிறது.

இதையெல்லாம் நான் ரைலியிடம் சொல்லவில்லை.
மருந்துச் சீட்டின் பின்புறம் கோடு கிழித்தேன்.
இது குடலின் உட்சுவர்,
ஒரே ஒரு செல் கனம்.
இந்தப் பக்கம் கோடானுகோடிக் கிருமிகள்
(அவர் பிறந்த வாரத்திலிருந்து குடியிருப்பவை, நல்லவைதான்),
அந்தப் பக்கம் அவர்.
செல்லும் செல்லும் ஒட்டும் இடத்தில்
இடைவெளி தெரியாத ஒரு பூட்டு.

"நவம்பரில் ஜன்னல் இடுக்கில் ஒட்டுவோமே,
அந்தப் பட்டை மாதிரியா?"

ஆமாம். அதே மாதிரி.
பட்டினியில் அந்தப் பட்டை உரிகிறது.

பதினொரு பை ரத்தம் ஏற்றினோம்.
நாடி வந்தது, சிறுநீர் வந்தது,
அறுவை அரங்கில் யாரோ சீட்டி அடித்தார்கள்.
குடலுக்கு மட்டும் அது நல்ல செய்தியாக இல்லை.
பட்டினி கிடந்த திசுவுக்குள்
திரும்பிவந்த ரத்தம் காயத்தையும் கொண்டுவந்தது.
சோறு வந்த பிறகுதான் அந்த வீட்டில்
கூரை சரிந்தது.

மூன்றாம் இரவு காய்ச்சல், முப்பத்தொன்பதரை.
நுரையீரல் படத்தில் வெண்மேகம்.
ரத்தத்தை மூன்று முறை வளர்த்துப் பார்த்தோம்.
ஒரு கிருமிகூட அகப்படவில்லை.
சுவரின் சிதிலம் மட்டும்
நிணநீரின் பின்வாசல் வழியாக மேலே போயிருக்கலாம்.
இருக்கலாம். இந்த வார்த்தையைத்தான்
அந்த வாரம் அதிகம் சொன்னேன்.
திருடன் வந்தானோ இல்லையோ,
உடம்பு ஊரையே கூட்டிவிட்டது.

நான்காம் நாள் அதிகாலை
செவிலி ஸிர்க்கு மூக்குக் குழாயில் உணவைத் தொடங்கினாள்.
மணிக்குப் பத்து மில்லி.
ரெண்டு தேக்கரண்டி!
இவ்வளவு பெரிய ஆளுக்கா என்று ரைலி சிரிக்கப் பார்த்தாள்,
வாய் கோணிக்கொண்டது.
இது அவருக்கு அல்ல, அந்தச் சுவருக்கு.
தனக்கு வரும் ரத்தத்தை மட்டும் நம்பி அது வாழ்வதில்லை,
தன்மேல் நேராக வழிகிற சோற்றையும் உண்கிறது.
விட்டால், நாலைந்து நாளில்
தன்னையே புதிதாகக் கட்டிக்கொள்ளும்.

சிரசுக்குத் தெரியாது இதெல்லாம்.
மயக்க மருந்தில் சுகமாய்க் கிடந்தது சிரசு.

குனிந்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தேன்.
ஒன்றுமில்லை.
இடப்பக்கம்: ஒன்றுமில்லை.
தொப்புளுக்குக் கீழே,
கண்ணை மூடிக்கொண்டு, ஒரு முழு நிமிடம்...

களுக்.

நிமிர்ந்தேன். ரைலியின் முகம் சிவந்திருந்தது.
"மன்னிக்கணும். அது நான்."
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து
அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஸிர்க்கு தன் பையிலிருந்து கம்பு நிறத்து ரொட்டியை எடுத்து
வெண்ணெய்கூடத் தடவாமல்
அவள் கையில் வைத்தாள்.
பிறகு பம்பின் பக்கம் திரும்பி,
என்னைக் கேட்காமலே,
பத்தைப் பதினைந்தாக்கினாள்.