ரொட்டி வாசம்

இரவெல்லாம் அடுப்பின் முன் நின்றவளுக்கு
இருபத்தொன்பது டிகிரி ஒரு பொருட்டில்லை.
ஊருக்கோ அதைவிட்டால் வேறு பேச்சில்லை.
தபால்பெட்டி அருகில், பாலத்துப் படிகளில்,
"வெயில், இல்லையா?" என்று
தாங்களே செய்துவிட்ட தப்பைப்போல
ஒருவரிடம் ஒருவர் ஒப்புக்கொள்கிறார்கள்.

பத்து மணிக்கு ஏப்ரனைக் கழற்றினேன்.
பேருந்தைப் போகவிட்டு
ஆற்றோரம் நடக்கிறேன்.
முழங்கைவரை மாவு.
நகக்கண்ணில் நேற்றைய ஈஸ்ட்.

செவர்ன் இன்று
ஒன்றும் அறியாததுபோல் கிடக்கிறது.
மதுவிடுதிச் சுவரில் பித்தளைத் தகடுகள்:
ஒரு வெள்ளம் என் முழங்காலுக்கு,
ஒன்று இடுப்புக்கு,
ஒன்று மோவாய்க்கு.
மோவாய் வெள்ளத்தின் அடியில்
நாற்காலி போட்டிருக்கிறாள் தெல்மா பெர்கின்ஸ்.
முகத்துக்குக் குடை,
பாதங்களுக்கு விடுமுறை.
பத்து விரல்களும் இறால்போலச் சிவந்துவிட்டன.
சொன்னால் கேட்கமாட்டாள்.
வருஷத்துக்கு நாலு நாள்தான் என்பாள்.

கல்படித்துறையில் லெனார்ட்
தன் படகின் பெயரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.
ரோஸலிண்டில்
'ரோஸ' மட்டும் மிச்சம்.
"புதுப் பெயர் என்ன?"
"இன்னும் இல்லை.
பெயரில்லாத படகு ஆகாது என்கிறார்கள்.
அதனால்தான் மெதுவாகச் சுரண்டுகிறேன்."
நீல வண்ணத்தின் செதில்கள்
நீரில் விழுந்து
கொஞ்ச தூரம் சேர்ந்தே போயின.

வில்லோ மரத்தடியில்தான் கவனித்தேன்.
பின்னால் ஒரு வாத்து.
பிறகு ஆறு.
பிறகு எண்ணவில்லை.
நான் நின்றால் நின்றன.
நடந்தால் நீரில் ஒன்றும் கரையில் ஒன்றுமாக
ஊர்வலம்.

பலகை சொல்கிறது:
'வாத்துகளுக்கு ரொட்டி போடாதீர்.'
போடவில்லை ஐயா.
நான்தான் ரொட்டி.

தூண்டில்காரர் பாஸ்க்
ஐஸ்கிரீம் டப்பாவில் நெளியும் புழுக்களை மூடிவைத்து
எரிச்சலோடு தலைநிமிர்ந்தார்.
"உன் பரிவாரத்தை அந்தப் பக்கம் கூட்டிப்போ.
ஆறு மணியிலிருந்து ஒரே ஒரு மீன்தான் என்னை நம்பி வந்தது,
அதையும் விரட்டிவிட்டாய்."

அந்தப் பக்கம் போனேன்.
அங்கே இமொஜன்.
ஏழு வயதிருக்கும். மஞ்சள் தொப்பி.
கையில் உறைந்த பட்டாணிப் பை,
அம்மா கடையில் வாங்கித் தந்தது,
பலகையைப் படித்து, விதியை மதித்து.
ஒவ்வொன்றாக எறிகிறாள்.
பட்டாணி மிதக்கவில்லை, பச்சையாக மூழ்குகிறது.
வாத்துகள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.
என்னையே பார்க்கின்றன.

"அம்மா, அந்த ஆன்ட்டி ரொட்டி ஒளிச்சு வச்சிருக்காங்க."

பைகளை வெளியே இழுத்துக் காட்டினேன்:
பேருந்துச் சீட்டு, தலைமுடி ரப்பர்,
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்று.
நீதிபதி நம்பவில்லை.

அப்போதுதான் வந்தது அன்னம்,
அவசரமில்லாமல்,
வாடகை வசூலிக்க வருகிற மாதிரி.
பாலையும் நீரையும் பிரிக்குமாம்.
என்னையும் மாவையும் பிரிக்கத் தெரியாமல்
என் சட்டைக் கையைக் கவ்விப் பார்த்தது.

சரி என்று படியில் குந்தி
கைகளை ஆற்றில் விட்டேன்.
குளிர்!
இருபத்தொன்பது டிகிரியெல்லாம்
நீருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.
மாவு ஒரு சின்ன மேகமாகக் கழன்றது.
விரல்நீள மீன்கள் எங்கிருந்தோ வந்து
நகக்கண்களைச் சோதித்தன.
(பாஸ்கிடம் சொல்லவில்லை.)
பன்னிரண்டு மணிநேர வேலை
பாலத்தைத் தாண்டிப் போனது,
வெள்ளையாக, பிறகு வெறும் நீராக.

வாத்துகளுக்கு என்மேல் இருந்த பற்று
அவ்வளவுதான்.
ஒன்று திரும்பி
ஒரு பட்டாணியைக் கொத்தியது.
இன்னொன்று.
இமொஜன் மூச்சுவிடவில்லை,
கை மட்டும் பைக்குள் போய்ப்போய் வந்தது.

தூக்கம் இமையில் ஏற எழுந்தேன்.
திரையை இழுத்துவிட்டு
இந்த வெயிலைத் தூங்கித் தீர்க்க வேண்டும்.
அவள் ஓடிவந்தாள்.
மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று குனிந்தேன்.
ஈரக் கையைப் பிடித்து
மூக்கில் வைத்து
நெடுநேரம் முகர்ந்தாள்.

"இன்னும் இருக்கு" என்றாள்
அம்மாவைப் பார்த்து,
வழக்கை ஜெயித்தவளாக.