உடல்தகுதிச் சான்று

கன்றை இழுத்துப் போட்டுவிட்டு
பர்கூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன்.
முழங்கை வரை இன்னும் வழுவழுப்பு.
கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு
உடனே வரச் சொன்னார்கள்,
ஒரு திருக்கைக்காக.

செந்தூராவும் பங்கனப்பள்ளியும் அடுக்கிய கொட்டகைக்குப் பின்னால்
ராட்டினத்துக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் நடுவே
நாற்பது ரூபாய்க்குக் கடல்.
காவேரிப்பட்டணத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து
லாரியில் வந்த கடல்.
எங்கள் தெருவுக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிற அதே தண்ணீர்,
மூட்டை மூட்டையாய் உப்புக் கொட்டி.

கண்ணாடியோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு
அது சுற்றியது, இடப்பக்கமாகவே.
"அய், சிரிக்குது பாரு" என்றது ஒரு பிள்ளை.
அது முகமில்லை.
மூக்குத் துளை இரண்டு, கீழே வாய்.
கண்கள் முதுகுப் பக்கம்.
அங்கே அவற்றுக்கு ஒரு டியூப்லைட்.

"ரெண்டு நாளா இரை எடுக்கல மேடம்.
நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க,
ஒரு கையெழுத்து போதும்"
என்றார் மேலாளர் தனசீலன்.

நான் படித்தது மாடு, ஆடு, கோழி.
தேன்கனிக்கோட்டைக் காட்டில் ஒருமுறை
மயக்கி வீழ்த்திய யானையின் காதுக்குப் பின்னால்
நரம்பு துடித்ததை எண்ணியிருக்கிறேன்.
இதற்கு நாடியை எங்கே பிடிப்பது?
இதற்கு எது காய்ச்சல்?
எவ்வளவு தூரம் போனால் இதற்கு ஒரு நாள் கழியும்?
கண்ணாடியில் கை வைத்தேன்.
அது நிற்கவில்லை.

உப்புக் கலக்குகிற கில்பர்ட், தூத்துக்குடிக்காரர்,
வாளியை இறக்காமலே சொன்னார்:
"எங்க வலையில விழுந்தா வெட்டிக் கொழம்பு வெச்சிருவோம்மா.
பாவந்தான்.
ஆனா அன்னைக்கே முடிஞ்சிரும்."

மாட்டுக்கு அச்சடித்த படிவம்.
வயது, எடை, கோடு போட்டேன்.
சினையா என்றிருந்தது, விட்டுவிட்டேன்.
நடத்தை என்ற கட்டத்தில்
'சுற்றுகிறது' என்று எழுதினேன்.
தனசீலன் எட்டிப் பார்த்தார்:
"சுறுசுறுப்புன்னு போடுங்க மேடம், ரெண்டும் ஒண்ணுதான?"

போடாமல் எழுந்து வந்தேன்.
அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.
மறுநாள் ஓசூரிலிருந்து ஒருவர் வந்து போட்டுக் கொடுத்தாராம்.
கண்காட்சியை ஒரு வாரம் நீட்டித்தார்கள்.

அன்றிரவு வண்டியை எடுக்கும்போது
பர்கூரிலிருந்து போன்.
கன்று எழுந்து நிக்குதுங்க டாக்டரம்மா,
தாயை விட்டு நகர மாட்டேங்குது.

சீம்பால் குடிச்சிருச்சா?
அப்ப தனியாக் கட்டிருங்க
என்றேன்,
பழக்கத்தில்.