முதலில் தோல்

ஆயிரத்து நானூறு செப்பாணி,
அத்தனைக்கும் வட்ட வட்டமாய்ச் சில்லு.
எழுதித் தந்த தாளை இரண்டு தடவை படித்தேன்.
நிபோங் திபாலில் எங்கள் இரும்புக்கடைக்குள்
செம்பு என்று வாய்திறப்பவன்
ஒன்று பூசாரி, இல்லாவிட்டால் வயர் திருடன்.

சவரிமுத்து இரண்டுமில்லை.
கலிடோனியா தோட்டத்தில் பிறந்து,
அந்தப் பெயர் எந்த நாட்டுடையதோ
அந்த நாட்டுக்கும் வடக்கே
கடலுக்குள் தனியாய்க் கிடக்கும் தீவொன்றில்
எண்ணெய்க் குழாய்களுக்குப் பதினோரு வருடம்
பற்றவைத்துவிட்டு வந்தவன்.

"அங்கே மரமே கிடையாது, நாகவல்லி.
காற்று விடாது.
ஆனா மனுஷன் மீன் தின்னணுமே?"

நார்வேயிலிருந்து வந்ததாம் படகு.
முழுதாய் அல்ல.
கட்டி, கழற்றி,
பலகைக்குப் பலகை அடையாளம் வெட்டி,
கட்டுக் கட்டாய்க் கப்பலேறி.
தீவுக்காரன் பிரித்துப் பார்த்துப் பூட்டினான்.
கொஞ்ச காலம் குறித்தபடியே பூட்டினான்.
அப்புறம் தன் நீரோட்டத்துக்குத் தக்கபடி
இங்கே இழைத்தான், அங்கே தாழ்த்தினான்.
பிறகு பலகை மட்டும் போதும் என்றான்.
பாகங்களின் பெயர்கள் மட்டும்
பழைய கரையின் வாயிலேயே நின்றுவிட்டன.

எண் போட்டுக் கப்பலேற்றப்பட்ட
வேறு சிலரையும் எனக்குத் தெரியும்.
அதை நான் சொல்லவில்லை.
ஆணி எண்ணிக்கொண்டிருந்தேன்.

பழைய புகைக்கூடத்துக்குள் கட்டினான்.
ரப்பர் ஷீட் தொங்கிய கம்புகளில்
மெராந்திப் பலகைகள் கிடந்தன.
இரண்டு முனையும் கூர்;
எது முகம், எது முதுகு என்று கேட்கத் தோன்றும்.
கீழ்ப்பலகை விளிம்பின்மேல் மேல்பலகை
செதில்போல் ஏறிப் படுக்க,
வெளியே ஒரு பையன் ஆணித்தலைக்கு இரும்பு கொடுக்க,
உள்ளே குந்திச் சில்லு மாட்டி
நுனியை வெட்டித் தட்டி மடக்கினான். டொக் டொக்.
விலா ஒன்றுகூட இல்லை.
"எலும்புக்கூடு எங்கே?"
"முதலில் தோல். எலும்பு கடைசியில்."

கோலக் குராவுக்கு மீன் லாரி ஓட்டும் சுடின்,
ஊர் திரெங்கானு,
தேத்தண்ணீர்ப் பொட்டலத்தோடு உள்ளே வந்து
பலகைச் சந்தில் நகம் வைத்துப் பார்த்தான்.
"இடையில் கெலாம் பட்டை?"
"வைக்கிறதில்லை."
"எங்கள் பக்கமும் தோல்தான் முதலில்.
ஆணிதான் மரம்."
"உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"
"உன் நார்வேக்காரனுக்கு யார் சொன்னது?"
பிறகு இருவரும் லாரி டயர் விலை பேசினார்கள்.

கிரியான் ஆற்றில் இறக்கிய மாலை
தேங்காய் உடைந்தது, பையன்கள் கத்தினார்கள்.
அரை மணிக்குள் தண்ணீர் இருக்கையைத் தொட்டது.
இருட்டும்போது விளிம்பு மட்டும் மிச்சம்.
"பதினோரு வருஷம் இருந்து கத்துக்கிட்டது
முங்கறதுக்குத்தானா லா?"
யாரோ கேட்க, எல்லாரும் சிரிக்க,
நானும் சிரித்தேன், மறைக்கவில்லை.
சவரிமுத்து கயிற்றை நீப்பா அடியில் கட்டி
"குடிக்கட்டும்" என்றான்.
மீ கோரிங் சாப்பிடப் போய்விட்டான்.

இரண்டு நாள் பாலத்தின் மேல் மோட்டாரை நிறுத்தி
எட்டிப் பார்த்தேன்.
சாய நீருக்குள் ஒரு பெரிய மீன்
அசையாமல் கிடந்தது.

மூன்றாம் நாள் பால் வாளியால் இறைத்தான்.
இறைத்து முடித்து உட்கார்ந்தோம்.
ஒரு படகு மோட்டார் போனது. அலை வந்து தட்டியது.
உள்மடிப்பு நெடுக விரலை ஓட்டி
என் முன்னால் நீட்டினான்.
காய்ந்த விரல்.

மறுநாள் கடைக்கு வந்தான்:
ஏழு ஆணி மிச்சம், எடுத்துக்கொள்வாயா?
கல்லாவுக்கு மேலே அட்டையைக் காட்டினேன்.
என் கையெழுத்துத்தான், மும்மொழியில்:
விற்ற சாமான் திரும்ப வாங்குவதில்லை.